தேடுசொல்லும் கிட்டாத ஆய்வும்: முறைசார் மீளாய்வுகளைத் தரவுத்தளங்களில் காண்பது குறித்து

தமிழ் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் முதல் இயலில் பெரும்பாலும் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு. 'இப்பொருள் குறித்து இதுகாறும் விரிவான ஆய்வு நிகழ்த்தப்பெறவில்லை' என்பது அது. பொருண்மையியல் நோக்கில் அஃது ஓர் இன்மைக் கூற்று. ஆனால் அக்கூற்றுக்கு அடிப்படையாக இருப்பதோ ஒரு சிறு நிகழ்ச்சி: ஆய்வாளர் ஒரு நூலகத்தில் சில சொற்களைக் கொண்டு தேடினார், அச்சொற்களுக்கு விடை வரவில்லை. 'தேடியவிடத்துக் கிடைக்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் வேறுவேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்க முற்படுகிறது.

அச்சு நூலடைவுகளின் காலத்தில் இவ்வழக்கம் ஓரளவு பொறுத்துக்கொள்ளத் தக்கதாயிருந்தது. தனிநாயகம் அடிகள் 1966-இல் வெளியிட்ட தமிழியல் நோக்கீட்டு நூலைப் புரட்டுபவர் தாம் தேடாத நூலையும் கண்ணுற நேர்ந்தது. இன்றைய தரவுத்தளமோ கேட்ட சொல்லுக்கு மட்டுமே மறுமொழி தரும். கேள்வியின் சொல் பிழைபட்டால் விடை வாராது. பிழைபட்டது என்னும் அறிவிப்பும் வாராது. முன்னாய்வுகளை எல்லாம் திரட்டித் தொகுத்துரைக்கும் முறைசார் மீளாய்வுகளைத் தேடும்போது இக்குறை மிகக் கூர்மையாக வெளிப்படுகிறது. ஒரு மீளாய்வைத் தவறவிடுவோர் அதனுள் அடங்கிய பல ஆய்வுகளையும் ஒருங்கே தவறவிடுகின்றனர்.

எடுத்துக்காட்டுகளுக்கு மும்பையின் செம்பூர்ப் பகுதியைத் தேர்ந்தேன். 1936-இல் தொடங்கப்பெற்ற டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் 1954 முதல் அப்பகுதியைச் சார்ந்த தேவனாரில் இயங்கிவருகிறது. அதன் சர் தொராப்ஜி டாட்டா நினைவு நூலகம் சமூக அறிவியல் ஆய்வாளர் பலரும் அறிந்ததே. 1956-இல் நிறுவப்பெற்ற பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனமும் அண்மையிலேயே உள்ளது. இந்நூலகங்களின் வாயிலாகத் தரவுத்தளங்களை அணுகும் ஆய்வாளருக்குச் செம்பூர், தாராவி, மாதுங்கா ஆகிய தமிழர் வாழிடங்கள் கூப்பிடு தொலைவில் உள்ளன. ஆயினும் அவ்விடங்களைப் பற்றிய அறிவு தரவுத்தளத்தில் எப்பெயரில் கிடக்கின்றது என்பதை அண்மை மட்டும் காட்டிவிடாது.

1. வகைப்பெயரின் நிலையின்மை

முறைசார் மீளாய்வு என இங்குக் குறிப்பது ஆங்கிலத்தில் சிஸ்டமாட்டிக் ரிவியூ எனப்படுவதை. ஒரு வினாவை முன்னரே வரையறுத்து, எத்தரவுத்தளங்களில் எச்சொற்களால் எந்நாளில் தேடினோம் என்பதைப் பதிவுசெய்து, கிடைத்தவற்றுள் எவற்றை ஏற்றோம், எவற்றை எக்காரணத்தால் விலக்கினோம் என எண்ணிக்கையுடன் காட்டி, ஏற்றவற்றின் முடிவுகளைத் தொகுத்துரைப்பதே இவ்வகை. ஆர்ச்சி காக்ரேன் என்னும் மருத்துவர் 1972-இல் எழுதிய நூலின் தூண்டுதலால் 1993-இல் காக்ரேன் கூட்டமைப்பும், கல்வி, சமூகநலம் முதலிய துறைகளுக்கென 2000-இல் காம்ப்பெல் கூட்டமைப்பும் தோன்றின. மீளாய்வை எழுதும் முறைக்கான பிரிஸ்மா நெறிகள் 2009-இல் வெளியாயின; 'பிரிஸ்மா 2020' எனப் பெயரிய அவற்றின் திருத்தம் 2021-இல் வெளிவந்தது. தமிழ் மரபில் உரையாசிரியர்கள் பிறர் கொள்கையை 'என்பாரும் உளர்' எனச் சுட்டிச் செல்வதை ஈண்டு நினைவுகூரலாம். மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்யும் நேர்மை அதில் உண்டு. 'என்பார்' யார், எத்தனைபேர், எங்ஙனம் அறியப்பட்டனர் என்பது இல்லை. முறைசார் மீளாய்வு வேண்டுவது அவ்விவரத்தையே.

இவ்வகைக்குத் தமிழில் நிலைத்த பெயரில்லை. முறையான மதிப்பாய்வு, முறைப்படுத்தப்பட்ட மீள்பார்வை, திட்டமிட்ட ஆய்வுத் தொகுப்பு எனப் பலவாறு மொழிபெயர்க்க இயலும், எதுவும் வேரூன்றவில்லை. காக்ரேன் மீளாய்வுகளின் எளிய சுருக்கங்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பெற்று வருவது போற்றற்குரிய முயற்சி. ஆனால் அச்சுருக்கங்களில் ரிவியூ என்பதற்குத் 'திறனாய்வு' என்னும் சொல் ஆளப்படுவதை ஏற்பதற்கில்லை. தமிழ்க் கல்வியுலகில் திறனாய்வு என்பது இலக்கியத் திறனாய்வுக்கே உரிய கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. நூலகப் பட்டியலில் அச்சொல்லை இடுபவர் முன் கவிதைத் திறனாய்வும் புதினத் திறனாய்வும் வந்து நிற்கும். ஒரு கலைச்சொல் பொருத்தமானதா என ஆராய்கையில் அதன் பொருளை மட்டும் நோக்குதல் போதாது. அச்சொல்லைத் தேடுபவர்க்கு வேறு என்னென்ன கிடைக்கும் என்பதையும் நோக்கவேண்டும். நம் கலைச்சொல்லாக்கக் குழுக்கள் இவ்விரண்டாம் அளவையைக் கருதியதாகத் தெரியவில்லை.

ஆங்கிலத்திலும் நிலைமை நாம் எண்ணுமளவு சீரானதன்று. பப்மெட் என்னும் மருத்துவத் தரவுத்தளத்தில் மீளாய்வுகளைப் பிரித்தெடுக்க உதவும் 'சிஸ்டமாட்டிக் ரிவியூ' என்ற வெளியீட்டு வகைக்குறி 2019-இல்தான் புகுத்தப்பெற்றது. அதற்கு முன்னர் அப்பெயரிலமைந்த வடிகட்டி, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சொற்களைக் கொண்டு ஊகித்துத் தொகுத்ததேயாம். கல்வித்துறைக்கான ஈரிக் தரவுத்தளத்தில் இலக்கிய மீளாய்வுகள் 'இன்ஃபர்மேஷன் அனாலிசிஸ்', அதாவது தகவல் பகுப்பாய்வுகள், என்னும் வெளியீட்டு வகையில் அடக்கப்பெற்றுள்ளன. மருத்துவத் தரவுத்தளத்தில் பழகியவர் அங்கும் அதே வடிகட்டியைத் தேடி ஏமாறுவர். கல்வியியலாளர்கள் தம் தொகுப்பாய்வுகளுக்கு இட்ட பெயர்களோ பல. ஜீன் கிளாஸ் 1976-இல் வழங்கிய பெயர் 'மெட்டா அனாலிசிஸ்'; ராபர்ட் ஸ்லாவின் 1986-இல் வழங்கிய பெயர் 'சிறந்த சான்றுகளின் தொகுப்பு' எனப் பொருள்படுவது. பிரிட்டிஷ் அரசின் பன்னாட்டு வளர்ச்சித் துறை வெளியிட்ட வரிசைக்குப் பெயர் 'கண்டிப்பான இலக்கிய மீளாய்வு' என்பது போன்றது. பொருள் ஏறத்தாழ ஒன்று, பெயர் வேறு. ஒருபொருட் பன்மொழி இலக்கணத்தில் பிழையன்று. தரவுத்தளத்தில் அது ஒரு சுவர்.

2. ஆய்வின் சொல்லும் மீளாய்வின் சொல்லும்

வகைப்பெயரைக் கடந்து பொருட்பெயருக்கு வருவோம். மும்பையில் ஸ்நேஹா என்னும் தொண்டு நிறுவனம் 1999 முதல் தாய்சேய் நலப்பணி ஆற்றி வருகிறது. தாராவி அதன் முதன்மைக் களங்களுள் ஒன்று. இந்நிறுவனமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்து மாநகரின் ஆறு நிருவாக வட்டங்களில் 48 குடிசைப்பகுதித் தொகுதிகளைத் தேர்ந்து ஒரு களச்சோதனை நடத்தின. அவற்றுள் பாதியில் பெண்கள் குழுக்களாகக் கூடிப் பேறுகாலச் சிக்கல்களை விவாதித்து வழிகாணச் செய்யப்பெற்றது. மறுபாதி ஒப்பீட்டுக்கென விடப்பெற்றது. முடிவுகள் 2012-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளிவந்தன. எதிர்பார்த்த நன்மை அச்சோதனையில் புலப்படவில்லை.

அடுத்த ஆண்டே, 2013-இல், லான்செட் இதழில் ஒரு முறைசார் மீளாய்வு வெளிவந்தது. வங்காளதேசம், இந்தியா, மலாவி, நேபாளம் ஆகிய நாடுகளின் ஏழு சோதனைகள், 1,19,428 பிறப்புகள் அதில் அடங்கின. மும்பைச் சோதனையும் அவ்வேழனுள் ஒன்று. நகர்ப்புறத்தில் நடந்தது அஃது ஒன்றே. மீளாய்வின் ஒட்டுமொத்த முடிவு, பெண்கள் குழுக்களால் மகப்பேற்று இறப்பு 37 விழுக்காடும் பச்சிளங்குழவி இறப்பு 23 விழுக்காடும் குறைந்தன என்பது. கருவுற்ற பெண்களுள் குறைந்தது 30 விழுக்காட்டினர் பங்கேற்ற நான்கு சோதனைகளை மட்டும் கொண்டால் அக்குறைவு முறையே 55, 33 விழுக்காடு. மும்பைச் சோதனை அந்நான்கனுள் அடங்காது.

செம்பூரில் நலப்பணித் திட்டம் ஒன்றை வகுப்பவர் சோதனையை மட்டும் கண்டால் 'இது பயனற்றது' என ஒதுக்குவர். மீளாய்வின் ஒட்டுமொத்த எண்ணை மட்டும் கண்டால் 'இங்கும் இதுவே நிகழும்' என நம்புவர். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், பங்கேற்பின் அளவு இதில் முக்கியமானது என்பதும், நகரக் குடிசைப்பகுதிக்குச் சிற்றூரின் முடிவை அப்படியே பொருத்தலாகாது என்பதும் விளங்கும். ஆகவே ஒன்றைக் கண்டவர் மற்றதைக் காண்பது இன்றியமையாதது. காண இயலுமா?

இரு கட்டுரைகளின் ஆங்கிலத் தலைப்புகளையும் சொற்சொல்லாக ஒப்பிட்டேன். சோதனையின் தலைப்பில் 'சமுதாயத்தைத் திரட்டுதல்' எனப் பொருள்படும் தொடர். மீளாய்வின் தலைப்பில் 'பங்கேற்றுக் கற்றுச் செயற்படும் பெண்கள் குழுக்கள்'. முன்னதில் 'பேறுகாலப் பராமரிப்பு'. பின்னதில் 'தாய் மற்றும் பிறந்த குழவியின் நலம்'. முன்னதில் 'மும்பை'யும் 'குடிசைப்பகுதி'யும். பின்னதில் 'வளங்குறைந்த சூழல்கள்'. இரு தலைப்புகளுக்கும் பொதுவாக எஞ்சும் பொருட்சொல் 'மேம்படுத்து' என்னும் வினை ஒன்றே. ஒரே செயலைக் குறிக்கும் இரு தலைப்புகள் இவ்வளவு விலகி நிற்பது தற்செயலன்று. தனி ஆய்வு இடத்தின் பெயரைச் சொல்லும். மீளாய்வு பல இடங்களைத் தழுவுவதால் இடப்பெயரைக் களைந்து பொதுச்சொல்லுக்கு ஏறும். சிறப்புச்சொல்லிலிருந்து உள்ளடக்கு சொல்லுக்கு ஏறும் இவ்வேற்றமே மீளாய்வு என்னும் எழுத்துவகையின் சொல்லியல் இயல்பு எனலாம். 'மும்பை', 'குடிசைப்பகுதி' என்னும் சொற்களால் மீளாய்வைத் தேடுபவர் தோல்வியுறுவது அதனாலேயே. செம்பூரைப் பற்றிய தொகுப்பறிவு செம்பூரின் பெயரைத் துறந்த பின்னரே தரவுத்தளத்தில் குடியேறுகிறது.

இடப்பெயரைக் கொண்டே தேடவேண்டிய நிலையிலும் இடர் குறைவில்லை. மாநகரின் ஆங்கிலப் பெயர் 1995-இல் பம்பாய் என்பதிலிருந்து மும்பை ஆயிற்று. 1996-இல் மதராஸ் சென்னையாயிற்று. பழைய பெயரையும் உடன் இடாதவர் அதற்கு முந்தைய ஆய்வுகளை இழப்பர். 'ஸ்லம்' என்பதற்கு மருத்துவப் பொருள்தலைப்புப் பட்டியல் தரும் ஏற்புடைத் தலைப்பு 'வறுமைப் பகுதிகள்' எனப் பொருள்படுவது. தமிழ்நாட்டில் 1970-இல் அமைந்த குடிசைமாற்று வாரியம் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர்மாற்றம் பெற்றது. இழிபொருள் தொனிக்கும் சொல்லை நீக்குவது மாந்தநேயம்; அதில் கருத்து வேறுபாடில்லை. எனினும் ஒவ்வொரு பெயர்மாற்றத்தின்போதும் பழைய பெயரிலிருந்து புதியதற்கு வழிகாட்டும் 'காண்க' குறிப்பு ஒன்றை நூலகங்கள் சேர்க்காவிடில் அரைநூற்றாண்டு ஆவணங்கள் பார்வையிலிருந்து மறையும்.

3. பயிற்றுமொழி பற்றிய தேடல்

மொழியியலாளர்க்கு நேரடியாக உரிய வினா ஒன்றை இனி நோக்குவோம். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றுடன் தமிழ்வழியிலும் பள்ளிகள் நடத்திவந்துள்ளது. 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்புவரையேனும் வீட்டுமொழி பயிற்றுமொழியாதல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. தாராவியிலோ செம்பூரிலோ வாழும் ஒரு தாய், தம் மகளைத் தமிழ்வழியில் சேர்த்தால் ஆங்கிலம் பின்தங்குமா என வினவுகிறார். மேடைகளில் இரு பக்கத்தாரும் இதற்கு உரத்த விடை வைத்திருக்கின்றனர். முறைசார் மீளாய்வுகள் கூறுவது யாது?

'மதர் டங்' என்னும் சொல்லால் தேடுவோர்க்கு ஒரு பகுதியே அகப்படும். வீட்டுமொழி, முதன்மொழி, வட்டாரமொழி, பயிற்றுமொழி, இருமொழிக் கல்வி, பன்மொழிக் கல்வி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டின் அரசியலிலிருந்து பிறந்தவை. ஈரிக் சொற்களஞ்சியம் 'நேட்டிவ் லாங்குவேஜ் இன்ஸ்ட்ரக்ஷன்' எனத் தலைப்பிடும். ஸ்லாவினும் சியுங்கும் 2005-இல் வெளியிட்ட புகழ்பெற்ற தொகுப்பின் தலைப்பிலோ 'தாய்மொழி' என்னும் சொல்லுமில்லை, 'முறைசார் மீளாய்வு' என்னும் சொல்லுமில்லை. வாசிப்பு கற்பிக்கும் மொழி பற்றிய ஆய்வுத் தொகுப்பு என்றே அது தன்னை அழைத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் ஆங்கிலம் கற்கும் பிறமொழிக் குழந்தைகளே அதன் பொருள். அதன் முடிவை மும்பைக்குப் பெயர்ப்பது எளிதன்று. ஆயினும் அதை அறியாமல் வாதிடுவது அதனினும் தவறு. வளரும் நாடுகளின் எழுத்தறிவு பற்றிச் சொனாலி நாகும் பிறரும் 2014-இல் எழுதிய மீளாய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அஃது அரசுத்துறை அறிக்கையாக வெளிவந்தமையால், ஆய்விதழ்க் கட்டுரைகளை மட்டும் தொகுக்கும் தரவுத்தளத்தை நம்பியிருப்போர் அதனைக் காணாமலே போகலாம்.

இங்கு மொழியியலாளராகிய நம் பங்கும் உண்டு. தமிழ் போன்ற எழுத்துமுறைக்கு நாம் இட்ட பெயர்கள் எத்தனை! அசையெழுத்து என்பார் சிலர். 'ஆல்ஃபாசிலபரி' என்பார் சிலர். பீட்டர் டேனியல்ஸ் 1990-இல் 'அபுகிடா' என்னும் எத்தியோப்பியச் சொல்லை இவ்வகைக்கு வழங்கினார். வாசிப்பு உளவியலார் 'அட்சரம்' என்கின்றனர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு கோட்பாடு உள்ளது என்பது உண்மையே. ஆனால் தமிழ்க் குழந்தை வாசிக்கக் கற்பது பற்றிய மீளாய்வைத் தேடுபவர் இந்நான்கையும் 'அல்லது' என்னும் இணைப்பால் கோத்து இடாவிட்டால் நான்கில் ஒரு குழுவினரின் எழுத்தையே காண்பார்.

வினாவை உறுப்புகளாகப் பகுத்துத் தேடும் முறையை நூலகவியலார் கற்பிக்கின்றனர்: யார்க்கு, என்ன செய்யப்பட்டது, எதனோடு ஒப்பிட்டு, என்ன விளைவு. வேற்றுமை இலக்கணம் கற்றவர்க்கு இது புதிதன்று; ஒரு வினையைச் சுற்றி நிற்கும் பங்கேற்பாளரின் சட்டகமே இது. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒருபொருட் சொற்களை அடுக்கி 'அல்லது' இட்டு, உறுப்புகளுக்கிடையே 'மற்றும்' இடுவதே தேடுவரியின் இலக்கணம். மீளாய்வைத் தேடுகையில் இட உறுப்பை முதலில் விட்டுவிடுதல் நலம். மும்பைச் சோதனை போன்ற ஒரு தனி ஆய்வு கைக்குக் கிட்டியபின் அதனை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகளைத் தொடர்ந்து சென்றால் சொல்லொற்றுமை இல்லாத மீளாய்வும் அகப்படும். மேற்கோள் உறவு சொல்லைச் சாராதது என்பதே அதன் வலிமை.

4. தமிழ்ப்பக்கத்து இருள்

இதுகாறும் கூறியது ஆங்கிலத் தரவுத்தளங்களின் உள்ளே நுழைவது பற்றி. தமிழில் எழுதப்பெற்ற ஆய்வுகள் மீளாய்வுகளுக்குள் ஏன் நுழைவதில்லை என்பது இதன் மறுபக்கம். எக்கரும் பிறரும் 1997-இல் லான்செட்டில் காட்டியது இங்குப் பொருந்தும். அவர்கள் ஒப்பிட்ட மருத்துவச் சோதனைக் கட்டுரைகளுள், குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் கண்டவை ஆங்கிலத்தில் 62 விழுக்காடு, ஜெர்மன் மொழியில் 35 விழுக்காடு. வெற்றிச் செய்தி ஆங்கிலத்துக்குச் செல்ல, 'பயனில்லை' என்னும் செய்தி உள்ளூர் மொழியில் தங்கிவிடுகிறது. ஜெர்மானியர்க்கே இது நேருமாயின் தமிழின் நிலை சொல்லாமலே விளங்கும். உள்ளூர் மொழியை விலக்கிய மீளாய்வு அளவில் குறைவதோடு ஒருபக்கம் சாய்ந்தும் விடக்கூடும்.

விலக்கம் முழுவதும் பிறர் செய்ததன்று. இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் தமிழ் ஆய்வேடுகள் பல உள்ளன, இது பெருங்கொடை. அவற்றின் தலைப்புகளோ உரோமன் எழுத்தில் அவரவர் விருப்பப்படி பெயர்க்கப்பெற்றுள்ளன. தமிழ் என்னும் மொழிப்பெயரையே ழகரத்துக்கு எல் இட்டும் இஸட்எச் இட்டும், தகரத்துக்கு எச் சேர்த்தும் சேர்க்காமலும் நால்வகையில் எழுதலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி வகுத்த ஒலிபெயர்ப்பு முறையும் 2001-இல் வந்த ஐஎஸ்ஓ 15919 தரமும் இருக்க, இரண்டையும் பின்பற்றாத தலைப்புகள் மிகுதி. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சான உரைகளில் தமிழ்ச்சொல்லை இட்டுத் தேடவே இயலாது. கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றுவது கணிப்பொறிக்கு வெறும் உரோமன் குறிகளின் குவியல்.

ஒருங்குறியில் இருப்பினும் தமிழின் உருபனியல் தனக்கே உரிய இடர்களைத் தருகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் ஈற்றை வெட்டி உடுக்குறியிட்டால் அதன் வடிவங்கள் பெரும்பாலும் வந்துவிடும். தமிழில் 'பாடம்' என்பது வேற்றுமை ஏற்கையில் 'பாடத்தை' ஆகும், பன்மையில் 'பாடங்கள்'. ஆதலின் 'பாட' வரையில் வெட்டவேண்டும். அங்ஙனம் வெட்டினால் பாடலும் பாட்டும் பாட்டியும் உடன் வருவர். ஒருங்குறியில் மெய்யும் உயிர்மெய்யும் அகரமேறிய எழுத்தின்மேல் குறிசேர்த்தே அமைவதால் 'ட்டு', 'ட்டி' என்பனவும் இவ்வலையில் விழும். புணர்ச்சி மற்றோர் இடர். 'தாய்மொழிக் கல்வி' என இடைவெளியிட்டும், 'தாய்மொழிக்கல்வி' எனச் சேர்த்தும், ஒற்று மிகாமலும், 'தாய்மொழிவழிக் கல்வி' என இடைச்சொற் பெய்தும் எழுதுகின்றோம். மனிதக் கண் இவற்றை ஒன்றெனக் கொள்ளும். பெரும்பாலான நூலகத் தேடுபொறிகள் கொள்வதில்லை. தமிழுக்கு உருபனியல் பகுப்பி எழுதியோர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் உழைப்பு நூலகப் பட்டியல்களை வந்தடையாதது வியப்புக்குரியது.

5. செய்யத்தக்கவை

அணுவியல் துறையில் பன்னாட்டு அணுசக்தி முகமை 1970-இல் தொடங்கிய இனிஸ் தரவுத்தளத்துக்கு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யம், ஸ்பானியம் முதலிய மொழிகளில் இணைச்சொற்களைக் கொண்ட சொற்களஞ்சியம் உண்டு. எம்மொழிச் சொல்லால் அணுகினும் ஒரே தலைப்பைச் சென்றடையலாம். செம்பூரை அடுத்த டிராம்பேயின் அணு ஆய்வாளர்க்கு இயன்ற இவ்வசதி, அதே பகுதியில் தமிழ்க் குழந்தையின் வாசிப்பை ஆராய்பவர்க்கு இல்லை. கல்வி, மொழி, மக்கள்நலம் ஆகிய மூன்று துறைகளுக்கேனும் தமிழ்ப் பொருள்தலைப்புகளை வரையறுத்து, ஒவ்வொன்றோடும் ஈரிக், மருத்துவப் பொருள்தலைப்பு ஆகியவற்றின் இணைச்சொல்லையும், வழக்கொழிந்த பெயரையும், ஒலிபெயர்ப்பு வடிவங்களையும் சேர்த்துத் தருவது மொழி நிறுவனங்கள் மேற்கொள்ளத்தக்க பணி. கலைச்சொல் அகராதிகள் நம்மிடம் நிறைய உள. அவை ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தருவன. இங்கு வேண்டப்படுவது ஒரு கருத்துக்கு அதன் எல்லாச் சொற்களையும் தருவது.

அதுவரை ஆய்வேட்டளவில் ஒன்று செய்யலாம். 'முன்னாய்வுகள்' இயலின் இறுதியில் தேடிய தரவுத்தளங்களின் பெயர், தேடிய நாள், இட்ட தேடுவரி அச்சுப் பிசகாமல், கிடைத்தவற்றின் எண்ணிக்கை, கொண்டவற்றின் எண்ணிக்கை ஆகியவற்றை அரைப்பக்கத்தில் தருதல். உரோமன் வரிவடிவில் எவ்வெழுத்துக்கூட்டல்களை முயன்றார் என்பதும் அதில் இடம்பெறவேண்டும். அவ்வரைப்பக்கம் இருப்பின் அடுத்த ஆய்வாளர் விடுபட்ட சொல்லைச் சேர்த்துத் தேடலை நீட்டிக்க இயலும். 'ஆய்வு இல்லை' என்னும் கூற்றை மதிப்பீட்டாளர் சரிபார்க்கவும் இயலும். அஃதில்லாத ஆய்வேட்டில் கையொப்பமிடுமுன் நெறியாளர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: எந்தச் சொல்லால் தேடினீர்கள்?